வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பம்பிங் குறைந்த இதயமும் வீட்டுப் பராமரிப்பும்

வயதான பெற்றோருக்கு இதயச் செயலிழப்பு என்று தெரிந்தபின் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் கடிதங்களே இம்முறை அதிகம். ஆஸ்பத்திரியில் நீரை வடித்து, மூச்சு சீராகி வீடு திரும்பியவர், சில வாரங்களில் மறுபடி இரைப்புடன் அங்கேயே போய்ப் படுக்க நேர்வது ஏன் என்பதே பலரது கவலை. நோயின் தீவிரம் ஒரு காரணம்தான். ஆனால் ஊறுகாய், மூட்டுவலி மாத்திரை, நிறுத்திவிட்ட நீர் மாத்திரை என்று வீட்டுக்குள்ளேயே தடுத்திருக்கக்கூடிய காரணங்கள் அடிக்கடி தென்படுகின்றன. இந்த இதழின் பதில்கள் அதையே சுற்றி வருகின்றன.

அப்பாவுக்கு 71 வயது. முன்பு மாரடைப்பு வந்தவர். இப்போது எக்கோவில் 'இ.எஃப். 32%' என்று எழுதியிருக்கிறார்கள். இதயம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார்.
– வாசகர், தேனி

அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்: திடமான இளைஞனின் இதயத்திலும் இந்த எண் 100 ஆக இருக்காது. இடது கீழறையில் சுமார் 120 மில்லி ரத்தம் நிறைந்தால், ஒரு துடிப்பில் 70 மில்லி அளவுக்கு வெளியே போகும். மீதி உள்ளேயே நிற்கும். வெளியே போகும் அந்தப் பங்குதான் இ.எஃப். இயல்பான அளவு ஏறக்குறைய 55 முதல் 70 வரை. ஆகவே 32ஐ 60க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 40க்கும் கீழே உள்ளவர்களுக்குத்தான் ஆயுளை நீட்டிக்கும் மருந்துகள் அதிகமாக இருக்கின்றன. எக்கோ எடுப்பவர் மாறினாலே நான்கைந்து புள்ளி கூடும், குறையும். அதனால் 32 அடுத்த முறை 29 ஆனால் இடிந்துபோக வேண்டாம், 35 ஆனால் கொண்டாடவும் வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டிய, நாள்பட்ட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள அம்மாக்கள் பலருக்கு இ.எஃப். 60 இருக்கும். 'பம்பிங் நார்மல், பயமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இவர்களுடைய இதயம் நன்றாகச் சுருங்குகிறது, தளர்ந்து விரிவதில்தான் கோளாறு. சுவர் விறைத்துப்போனதால் ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. இதுவும் இதயச் செயலிழப்புதான். முதியவர்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வகையும் கூட.

எக்கோவில் இதயச் சுவர் தடிமன் என்று வந்து, அதே ஆளுக்கு முன்பு இரண்டு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், 'அமைலாய்டு (இதயச் சுவரில் ஒருவகைப் புரதம் படியும் நோய்) இருக்குமா?' என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வயதான ஆண்களில் இது அதிகம். தனிப் பரிசோதனை செய்யாவிட்டால் தெரியாது, சிகிச்சையும் வேறு.

அம்மாவுக்கு 76. பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். மாலையானால் இரண்டு காலும் வீங்குகின்றன. இதயமா, மாத்திரையா?
– வாசகி, சிதம்பரம்

இரண்டும் இருக்கலாம். அம்லோடிபின், முக்கியமாக 10 மி.கி. அளவில், கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கம் இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும், மூச்சுத் தொந்தரவு சேர்ந்து வராது, நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அசையாது. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்து, அதனால் பொட்டாசியமும் சோடியமும் இறங்கி, தள்ளாடி விழுந்தவர்கள் உண்டு. அம்லோடிபினை மாற்றினாலே சரியாகிவிடும் வீக்கம் அது.

இதயத்தால் வந்ததா என்று அறிய இவற்றைக் கவனியுங்கள். கால் முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? ஒரு தலையணையில் படுத்தவர் இப்போது இரண்டு, மூன்று கேட்கிறாரா? தூங்கி ஓரிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருகிறாரா? குனிந்து கோலம் போட்டால், செருப்பு மாட்டினால் அரை நிமிடத்தில் இரைக்கிறதா? படுத்தால் மட்டும் வறட்டு இருமல் வருகிறதா? முதியவர்களில் பல நேரம் இவ்வளவு தெளிவாகவும் இருக்காது. வெறும் அசதி, பசியின்மை, வயிற்று உப்புசம், திடீர்க் குழப்பம் இவைதான் தெரியும். 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடுவதில்தான் மாதங்கள் வீணாகின்றன.

இ.சி.ஜி., எக்கோ, என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை ஆகியவை விடை சொல்லும். வீட்டிலிருந்தே வந்துபோகும் நோயாளிக்கு அந்த அளவு 125க்கும் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கூடுதலாக இருந்தால் உடனே முடிவுகட்ட முடியாது: வயது, சிறுநீரகக் குறைபாடு, ஒழுங்கற்ற துடிப்பு எல்லாமே அதை ஏற்றும். பருமனானவர்களில் பொய்யாகக் குறைந்தும் காட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு கதை. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

தினமும் எடை பார்க்கச் சொன்னார் மருத்துவர். எதற்கு? எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருநெல்வேலி

வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு ஈடு வேறில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பில் சில லிட்டர் நீர் சேர்ந்துவிட்டிருக்கும். எடைக்கருவி அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில் நிறுத்துங்கள். கருவி டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாய் மேலும் மிதியடி மேலும் வைத்தால் கிலோக்கணக்கில் தவறு காட்டும். 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் கருவி நல்லது. நிற்கத் தள்ளாடுபவர் என்றால் சுவரோரம் வைத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பிடித்துக்கொள்ளாதீர்கள், பிடித்தால் எடை குறைந்து காட்டும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கிளினிக் கருவியையும் வீட்டுக் கருவியையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீக்கமில்லாமல் வந்த மறுநாள் காலை எடைதான் உங்கள் அடிப்படை. அதிலிருந்து மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 'எடை இவ்வளவு ஏறினால் நீர் மாத்திரை எவ்வளவு கூட்டலாம், எத்தனை நாள்?' என்று முன்பே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் நள்ளிரவு ஓட்டம் மிச்சமாகும். எடை இறங்கிக்கொண்டே போய், நாக்கு வறண்டு, எழுந்தால் தலை சுற்றினால் நீர் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று பொருள். அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நுணுக்கம். சரியாகச் சாப்பிடாத முதியவருக்குச் சதை கரையும், அதே நேரம் நீர் சேரும். எடை மாறாமல் நிற்பது போலத் தோன்றும். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, ஆனால் வேட்டி இடுப்பில் இறுகுகிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள். ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை அடிப்படை எடையையே மருத்துவருடன் மறுபடி முடிவு செய்யுங்கள்.

உப்பே போடக்கூடாதா? இந்துப்பு போடலாமா? தண்ணீர் எவ்வளவு?
– வாசகி, காரைக்குடி

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு மூன்றும் இந்த நோயில் ஒன்றே. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது அதைவிடச் சிக்கல். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், சாகுபிட்ரில்-வால்சார்டன் போன்ற இதய மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்கெனவே தேக்குபவை. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், இந்த உப்பு இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றலாம். தினமும் இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அளவு: நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். நோயாளிக்குரியதைக் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் அவர் பங்குக்குப் போடுங்கள். சோற்றிலும் இட்லி மாவிலும் உப்பைத் தவிர்த்தால் அந்தப் பங்கைக் குழம்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்கு உறைக்காது. இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மோர் மிளகாய், மிக்சர், பாக்கெட் சூப், நூடுல்ஸ் ஆகியவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். வயிறு உப்பினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைப்பொடி ஒரு பாக்கெட்டில் ஏறக்குறைய 2 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. அதை உப்பாக யாரும் நினைப்பதில்லை.

அதற்காக உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். 2022ல் வெளிவந்த சோடியம்-ஹெச்.எஃப். ஆய்வில், சோடியத்தை நாளுக்கு 1,500 மி.கி.க்கும் கீழே கொண்டுவர முயன்றும் மரணமோ ஆஸ்பத்திரி சேர்க்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை. சப்பென்ற சோற்றைப் பார்த்துத் தட்டைத் தள்ளிவிடும் எண்பது வயதுக்காரர் பட்டினியால் மெலிவார், அது அவருக்கு இன்னும் கெடுதல்.

தண்ணீர்: வீக்கமும் இரைப்பும் உள்ளவருக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதில் அடக்கம். நீர் கோக்காமல் நிலையாக இருப்பவரைக் கத்திரி வெயிலில் தாகத்தோடு வைத்திருக்கத் தேவையில்லை. உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டுவலிக்கு மாத்திரை இல்லாமல் அப்பாவால் நடக்கவே முடியவில்லை.
– வாசகர், ஈரோடு

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் 'வலிக்கு ரெண்டு கொடுங்க' என்று வாங்கும் கலவை மாத்திரைகளிலும், வலிக்குப் போடும் ஊசியிலும் இவைதான் இருக்கும். இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கின்றன, நீர் மாத்திரையை வேலை செய்ய விடுவதில்லை. பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடும் முதியவருக்கு மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் கெடலாம்.

சாதாரண பாராசிட்டமால் 500 மி.கி., நாளுக்கு நான்குக்கு மிகாமல் கொடுக்கலாம். தண்ணீரில் கரைந்து நுரைக்கும் வகை வேண்டாம், ஒவ்வொன்றிலும் 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கும். வலிக்கும் இடத்தில் தடவும் ஜெல், வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி, கைத்தடி ஆகியவை உதவும். பெயரில்லாத வலிப்பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். இருமலுக்கும் தொண்டைக்கும் நாம் சாதாரணமாக வாயில் அடக்கும் அதிமதுரமும் தினசரிப் பழக்கமானால் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கும். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிட்டால் அதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அது நீர் கோக்க வைக்கும்.

நான்கு வகை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பி.பி. 100/60 தான் இருக்கிறது. ஒன்றிரண்டை நாங்களே குறைக்கலாமா? சர்க்கரையே இல்லாதவருக்குச் சுகர் மாத்திரை எதற்கு?
– வாசகி, சென்னை

குறைக்காதீர்கள். பம்பிங் குறைந்த இதயத்துக்கு நான்கு தூண்கள்: முதலாவதாக சாகுபிட்ரில்-வால்சார்டன் அல்லது ராமிப்ரில், எனலாப்ரில் வகையில் ஒன்று, இரண்டாவதாக பிசோப்ரோலால், கார்விடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட் இவற்றில் ஒன்று, மூன்றாவதாக ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளிரினோன், நான்காவதாக டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. நீங்கள் சுகர் மாத்திரை என்பது இந்த நான்காவதுதான். சர்க்கரை இல்லாதவருக்கும் அது இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரி போவதைக் குறைக்கிறது என்று 2019ல் டாபா-ஹெச்.எஃப். ஆய்வு காட்டியது. விறைத்த இதயத்திலும் பயன் உண்டு என்று அடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. இந்தியாவில் இரண்டு மருந்துகளின் காப்புரிமையும் முடிந்துவிட்டதால் விலையும் வெகுவாக இறங்கியிருக்கிறது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். முழுநாள் விரதம், வாந்திபேதி, அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று நாள் ஆகியவற்றில் இதை நிறுத்தி வைக்க வேண்டும், மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

100/60 என்பது எண். தலைசுற்றல் இல்லை, நன்றாக நடக்கிறார் என்றால் அந்த எண்ணுக்காக எதையும் குறைக்க வேண்டாம். சுற்றுகிறது என்றால் உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவர் ஏதாவது செய்வார். முதலில் குறைக்க வேண்டியது இந்த நான்கை அல்ல. அம்லோடிபின், தேவைக்கு மிஞ்சிய நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் காலையிலேயே விழுங்காமல் நேரம் பிரித்துக் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிறது. கார்விடிலாலை உணவுக்குப் பிறகு கொடுங்கள்.

பிசோப்ரோலால் 1.25 மி.கி.யில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏறும். முதல் வாரங்களில் அசதி கூடும், பிறகு தெளியும். திடீரென நிறுத்துவது ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கிய ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு) பார்த்தே ஆக வேண்டும். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள், 6ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். ஆண்களுக்கு மார்பு வீங்கி வலித்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எப்ளிரினோனுக்கு மாற்றிவிடலாம்.

மாத்திரைப் பெட்டியில் இரண்டு தவறுகளைக் கட்டாயம் தேடுங்கள். ஒன்று: டார்சமைடு என்ற நீர் மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்த கூட்டு மாத்திரை இருக்க, தனி ஸ்பைரோனோலாக்டோனும் இன்னொரு பெயரில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். இரண்டு: சாகுபிட்ரில்-வால்சார்டனுக்கு மாற்றிய பிறகும் பழைய ராமிப்ரில் அட்டை பெட்டியிலேயே கிடக்கும். இரண்டுக்கும் இடையே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் உதடும் நாக்கும் வீங்கி மூச்சே அடைக்கலாம். பழைய அட்டைகளை அன்றே தூக்கி எறியுங்கள்.

பம்பிங் 30இலிருந்து 52க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. லண்டனில் நடந்த டிரெட்-ஹெச்.எஃப். ஆய்வில், இதயம் விரிந்துபோய் முற்றிலும் தேறிய நோயாளிகளில் 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 52 என்பது மருந்து தாங்கிப் பிடித்திருக்கும் எண். வீக்கமே இல்லையென்றால் நீர் மாத்திரையை மட்டும் மருத்துவர் குறைக்கக்கூடும்.

டிகாக்சின் சாப்பிடும் அம்மாவுக்குக் குமட்டல், சோறே இறங்கவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

உடனே காட்டுங்கள். முதியவர்களில் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தாலே, நாடியை மெதுவாக்கும் இதய மாத்திரையான டிகாக்சின் ரத்தத்தில் தேங்கும். குமட்டல், பசியின்மை, குழப்பம், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி மெதுவாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ரத்தத்தில் டிகாக்சின் அளவு, பொட்டாசியம், கிரியாட்டினின், இ.சி.ஜி. பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டு குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போக வேண்டும். நீர் மாத்திரையால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகிறார்.
– வாசகி, விழுப்புரம்

அன்றைக்கு நிறுத்தாதீர்கள், நேரத்தை நகர்த்துங்கள். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையின் வேகம் சுமார் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கொடுக்கலாம். மாலை நான்கைத் தாண்டினால் இரவெல்லாம் எழுந்து நடந்து விழும் ஆபத்து உண்டு என்பதால், படுக்கைக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் திடீரென மூச்சு முட்டினால் என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

108ஐக் கூப்பிடுங்கள். வரும்வரை படுக்க வைக்காதீர்கள். கட்டிலோரம் நிமிர்ந்து உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், நுரையீரலுக்கு ஏறும் ரத்தம் குறையும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். தண்ணீர், சுக்குக் கஷாயம் எதுவும் புகட்ட வேண்டாம். இளஞ்சிவப்பு நுரைச் சளி, உதடு நீலம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு வலி, நினைவு தடுமாறுதல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மருந்துச் சீட்டும் எடை எழுதிய காலண்டர் தாளும் கையோடு போகட்டும்.

தாத்தாவுக்கு 88. நான்காவது முறையாக ஐ.சி.யு. 'போதும், வீட்டுக்குக் கூட்டிப்போ' என்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், மருத்துவரிடமும் அவர் முன்னிலையிலேயே பேசுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் சிகிச்சையைக் கைவிடுவது என்று ஆகாது. மூச்சைச் சுலபமாக்கும் நீர் மாத்திரை கடைசிவரை தொடரும். எதிர்கால மாரடைப்பைத் தடுக்கும் கொழுப்பு மாத்திரை போன்றவற்றை இறக்கிவிடலாம். மிகச் சிறிய அளவில் மார்ஃபின், வலிதணிப்பு மருத்துவரின் மேற்பார்வையில், மூச்சுத் திணறலின் பீதியை அடக்கும். நெஞ்சில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தியிருந்தால் அந்த அதிர்ச்சியை மட்டும் அணைத்து வைக்க முடியும். இதைக் கேட்கக் குடும்பங்களுக்குத் தோன்றுவதில்லை, மருத்துவர்களும் பல நேரம் தாமாகச் சொல்வதில்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வரும் வசதி இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்தால் அம்மாவுக்கு இரைக்கிறது.
– வாசகி, பொள்ளாச்சி

குந்தி உட்காரும்போது வயிறும் மார்பும் அழுந்தி, கால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பி அழுத்தம் ஏறுகிறது. சட்டென எழுந்தால் பி.பி. இறங்குகிறது. மேற்கத்தியக் கழிப்பிடம் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியை இந்தியக் கழிப்பறை மேலேயே வைக்கலாம். பக்கச் சுவரில் கைப்பிடி ஒன்று அடியுங்கள். முக்கக் கூடாது. நீர் குறைவாகக் குடிப்பதால் மலம் இறுகும், கீரையும் கொய்யாவும் போதாவிட்டால் இரவில் லாக்டுலோஸ் 15 மில்லி கேட்டு வாங்கிக் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.